கையெழுத்து உண்டு, சாட்சி எங்கே?



மாட்டுத்தாவணியில் பொழுது புலர்வதைச் சூரியன் வந்து சொல்வதில்லை. லாரி வந்து சொல்கிறது! ஊர் உறங்கும் நேரத்தில் தக்காளிப் பெட்டி இறங்குகிறது, வெங்காய மூட்டை இறங்குகிறது. ஒரு பக்கம் மல்லிகை மணக்கிறது, மறு பக்கம் வெளியூர்ப் பேருந்துகள் இரைகின்றன. மாடுகளை வரிசையாகக் கட்டி விலை பேசிய சந்தையாம் இது ஒரு காலத்தில். இன்று மாடு இல்லை. மாடாய் உழைக்கும் மனிதன் இருக்கிறான்.

அப்படி உழைத்த தோழர் ஒருவரைப் பற்றித்தான் இன்று எழுத வந்தேன். பெயர் வேண்டாம். காய்கறி மார்க்கெட்டில் இருபது ஆண்டு மூட்டை சுமந்தவர். மாநாடு என்றால் முதல் நாளே வேட்டி துவைத்துக் காயப் போட்டவர். மேடையில் நான் பேசும்போது முதல் வரிசையில் உட்கார்ந்து, கைதட்ட வேண்டிய இடத்தை எனக்கே எடுத்துக் கொடுத்தவர். ஒத்தக்கடைக்கு அப்பால் இரண்டு சென்ட் இடம் வாங்கி, இரண்டு அறை கட்டினார். ஒவ்வொரு செங்கலும் அவர் தோளின் காய்ப்பு. மனைவி பூ கட்டுபவர். இரண்டு பெண் மக்கள். வயதான தாய் தம்பி வீட்டில்.

ஒரு நாள் மூட்டையோடு சாய்ந்தார், எழவில்லை.

கொடி போர்த்தினோம், இரங்கல் கூட்டம் போட்டோம், சங்கத்தில் வசூல் செய்து கொடுத்தோம். கடமை முடிந்தது என்று கலைந்தோம். முடியவில்லை தோழர்களே, அப்போதுதான் தொடங்கியது. முப்பதாம் நாள் முடிந்த மறு வாரம் அந்த அம்மையார் என்னைத் தேடி வந்தார். கையில் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள்.

"அண்ணே, இது அவுக எழுதி வச்சது. வீடு எனக்கும் புள்ளைகளுக்கும்தான்னு எழுதி கையெழுத்துப் போட்டிருக்காக. அவரு தம்பி வந்து, எங்க அம்மா பங்கைப் பிரிச்சுக் குடுன்னு நிக்கிறாரு. இந்தத் தாளு செல்லும்ல?"

வாங்கிப் படித்தேன். அவர் எழுத்துதான். அவர் கையெழுத்துதான். "என் வீடு என் மனைவிக்கும் என் மகள்கள் இருவருக்கும், அம்மா இருக்கும்வரை அவர்களை மனைவி பார்த்துக்கொள்ள வேண்டும்." எவ்வளவு தெளிவு! எவ்வளவு நியாயம்! சட்டக் கல்லூரி போகாத கை எழுதியது. ஆனால் தாளின் அடியில் ஒரே ஒரு கையெழுத்து. சாட்சி இல்லை. ஒருவர்கூட இல்லை!

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு சொல்கிறது: உயில் எழுதியவர் கையெழுத்திட வேண்டும், அல்லது தம் அடையாளம் வைக்க வேண்டும். அதைக் குறைந்தது இரண்டு சாட்சிகள் கண்ணால் கண்டோ, 'ஆம், நான் இட்டதுதான்' என்று அவர் வாயால் கேட்டோ, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சி! அந்த இரண்டு கையெழுத்து இல்லாததால் அந்தத் தாள் உயில் அல்ல. ஒரு மனிதனின் ஆசை. ஆசைக்கு நீதிமன்றத்தில் நாற்காலி கிடையாது.

எத்தனை பேர் இருந்தார்கள் அவரைச் சுற்றி! மார்க்கெட்டில் ஆயிரம் பேர், சங்கத்தில் நூறு பேர், டீக்கடையில் பத்துப் பேர். ரேஷன் அட்டைக்குச் சாட்சி நின்றோம், கல்யாணத்துக்குச் சாட்சி நின்றோம், போலீஸ் ஸ்டேஷனில் ஜாமீனுக்குச் சாட்சி நின்றோம். இதற்கு நிற்க ஒருவர் இல்லை. அவர் கேட்கவில்லை, நாம் சொல்லித் தரவில்லை. நானும்தான் சொல்லித் தரவில்லை. எட்டு முழ நீளத்துக்கு மேடையில் பேசியவன் நான்!

சரி, உயில் இல்லை. பிறகு என்ன ஆகும்? 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து நிற்கும். ஆண் ஒருவர் உயில் எழுதாமல் மறைந்தால் அவர் தாமே சம்பாதித்த சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சமமாய் ஆளுக்கு ஒரு பங்கு. மகன் என்றால் முழுசு, மகள் என்றால் அரை என்பதெல்லாம் இல்லை. தந்தை முதல் வகுப்பில் இல்லை, தாய் இருக்கிறார். உடன்பிறந்த தம்பி முதல் வகுப்பில் இல்லவே இல்லை.

"பெறகு அவரு எப்படிண்ணே வந்து நிக்கிறாரு?" என்று கேட்டார் அந்த அம்மையார். சரியான கேள்வி! கதவு வழியாக வர உரிமை இல்லாதவன் ஜன்னல் வழியாக வந்தான். வீடு நான்கு பங்கு: மனைவிக்கு ஒன்று, மகள்களுக்கு இரண்டு, தாய்க்கு ஒன்று. தாய் இருப்பது தம்பி வீட்டில். தாய் தன் கால் பங்கைத் தம்பி பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அல்லது எழுதிக் கொடுக்க வைக்கப்பட்டார். ஆக, இரண்டு அறை வீட்டில் அரை அறைக்குச் சொந்தக்காரன் கொழுந்தன். பாகப்பிரிவினை வழக்குப் போடலாம், வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொல்லலாம். இரண்டு சென்ட்டை எந்த அமீன் வந்து எந்தக் கயிற்றால் நாலாய் அளப்பது?

தாய்க்குப் பங்கு கூடாது என்று நான் சொல்லவில்லை. பெற்றவளுக்குப் பங்கு தந்த சட்டம் நல்ல சட்டம். ஆனால் அந்தத் தோழர் தாயையும் காக்கத்தான் எழுதினார், மனைவியையும் காக்கத்தான் எழுதினார். 'என் தாய் உயிரோடிருக்கும்வரை இவ்வீட்டில் வாழ உரிமையுண்டு; வீடு மனைவிக்கும் மகள்களுக்கும் உரியது' என்ற அதே வரிகளுக்கு அடியில் இரண்டு சாட்சி இருந்திருந்தால் தாயும் வாழ்ந்திருப்பார், வீடும் நிலைத்திருக்கும், கொழுந்தனுக்கு ஜன்னலும் திறந்திருக்காது.

உயில் என்றாலே ஜமீன்தார் சமாசாரம், மில் முதலாளி சமாசாரம் என்று நினைக்கிறோம். வெள்ளித் தட்டும் வேட்டை நாயும் வைத்திருப்பவன்தான் எழுதுவான் என்று நினைக்கிறோம். உண்மையில் நூறு ஏக்கர் உள்ளவன் வீட்டில் சண்டை வந்தால் ஆளுக்குக் கொஞ்சம் மிஞ்சும். இரண்டு சென்ட் உள்ளவன் வீட்டில் சண்டை வந்தால் வக்கீல் பீஸ்தான் மிஞ்சும். அவனுக்கு வழக்கு ஒரு பொழுதுபோக்கு. நமக்கு அது பட்டினி.

ஜமீன்தார் கதையும் நம் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. சிவகங்கை! 1801இல் கும்பெனி சர்க்கார் கௌரி வல்லபத் தேவரை ஜமீன்தார் ஆக்கியது. 1829இல் அவர் ஆண் வாரிசு இல்லாமல் மறைந்தார். அண்ணன் வழி வந்தவர்கள் ஜமீனில் அமர்ந்துகொண்டார்கள். மனைவியரும் மகளும் வழக்காடினார்கள். கோர்ட்டுக்கு மேல் கோர்ட்டு. கடல் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1863இல் தீர்ப்பு வந்தது: ஜமீன் குடும்பத்தின் பூர்வீகச் சொத்து அல்ல, கௌரி வல்லபர் தனியாய்ப் பெற்ற சொத்து, ஆகவே மகள் காத்தம நாச்சியாருக்கே உரியது! முப்பத்து நான்கு ஆண்டுகள். நாச்சியாருக்கு வழக்காட வசதி இருந்தது. பூ கட்டும் அம்மையாருக்கு முப்பத்து நான்கு நாள் தாங்குமா?

'தனியாய்ச் சம்பாதித்ததா, பூர்வீகமா' என்ற அந்தக் கேள்வி இன்றைக்கும் உயிரோடிருக்கிறது தோழர்களே. தாமே சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் தம் பங்கை மட்டுமே எழுதலாம். அப்பன் காலத்து வயலை முழுதாய்த் தன்னுடையது என்று நினைத்து ஒரு பிள்ளைக்கு எழுதி வைத்துப் போகிறவர், அந்தப் பிள்ளைக்குச் சொத்து வைக்கவில்லை; சம்மன் வைத்துவிட்டுப் போகிறார்.

பெரிய இடத்தையும் பார்த்துவிடுவோம். மாட்டுத்தாவணி நிலையத்தின் நெற்றியில் எழுதியிருக்கிற பெயர் யாருடையது? எம்.ஜி.ஆர். அவர் 1987 டிசம்பர் 24ஆம் நாள் மறைந்தார். அந்த ஆண்டு ஜனவரியிலேயே உயில் எழுதி வைத்திருந்தார். இராமாவரம் தோட்டத்தில் காது கேளாத, வாய் பேசாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடக்க வேண்டும் என்பதற்கும் அதில் இடம் இருந்தது. உயில் இருந்தும் வழக்கு வராமல் போகவில்லை. ஆனால் அவர் நினைத்தது என்ன என்பது எழுத்தில் நின்றது. அவரைத் தலைவராய்க் கொண்ட ஜெயலலிதா 2016 டிசம்பர் 5இல் மறைந்தபோது உயில் எதுவும் வெளிவரவில்லை. அண்ணன் மக்கள் இருவரே வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதத்தில் சொன்னது. நினைவில்லம் ஆக்குகிறோம் என்று அன்றைய அரசு வேதா நிலையத்தைக் கையகப்படுத்தியது. 2021 நவம்பரில் அது செல்லாது என்று தீர்ப்பு வந்து, டிசம்பரில் சாவி கைமாறியது. ஐந்து ஆண்டு! மாநிலத்தையே ஆண்டவர் வீட்டுச் சாவி ஐந்து ஆண்டு அலைந்தது. எதிர் முகாம்தான், ஆனாலும் மறைந்தவரைச் சொல்லி மகிழ நான் எழுதவில்லை. முதலமைச்சர் வீட்டுக்கே இந்தப் பாடு என்றால் மூட்டை தூக்குபவர் வீட்டுக்கு என்ன பாடு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம் இயக்கத்துக்குச் சொத்துரிமை புதிய பாடமா? இல்லை, இரத்தத்தில் இருப்பது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அன்றைக்கு ஊர் சிரித்தது. 1953இல் ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சடங்கு இல்லாத சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. திருமணம் செல்லாது என்றால் என்ன பொருள்? மனைவி மனைவி இல்லை! பிள்ளை வாரிசு இல்லை! மாலை மாற்றிக்கொண்ட குற்றத்துக்குச் சொத்துப் பறிபோகும் தண்டனை! 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, முதல் ஆண்டிலேயே அந்தத் திருமணங்களைச் செல்லும் என்று ஆக்கினார். அதுவரை நடந்தவையும் செல்லும் என்று ஆக்கினார். அது திருமணச் சட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அது சொத்துச் சட்டமும்கூட என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய புண்ணைக் கிளற அல்ல. 1949 ஜூலை 9. தந்தை பெரியார் மணியம்மையாரை மணந்தார். இயக்கத்துக்கும் சொத்துக்கும் சட்டப்படி ஒரு வாரிசு ஏற்பாடு வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அன்றைய இந்துச் சட்டத்தில் பெண்ணைத் தத்தெடுக்க வழியில்லை. அந்த வழி 1956இல்தான் திறந்தது. அந்தத் திருமணத்தால் உள்ளம் உடைந்து பிரிந்தவர்கள் செப்டம்பர் 17இல் புதுக் கழகம் கண்டார்கள். கண்ணீர்த் துளிகள் என்று பெயர் வாங்கினார்கள். எது சரி, எது தவறு என்று இன்றைக்கும் நம் வீட்டுத் திண்ணைகளில் வாதம் உண்டு. வாதம் இருக்கட்டும். 'எனக்குப் பின் என்ன' என்று எழுபதை எட்டிய ஒரு மனிதர் யோசித்த யோசனை, நாட்டின் அரசியலையே புரட்டிப் போட்டது என்பது வரலாறு. நாமோ அறுபதிலும் யோசிப்பதில்லை! உயில் பேச்சை எடுத்தால், 'என்னப்பா, என்னைச் சாகச் சொல்றியா?' என்று சகுனம் பார்க்கிறோம். பகுத்தறிவுக் கூட்டத்தில் முதல் வரிசை. உயில் எழுதச் சொன்னால் ராகுகாலம்!

இனிமேல் சொல்லப்போவது சிலருக்குச் சுருக்கென்று தைக்கும். தைக்கட்டும்.

1989இல் கலைஞர் ஆட்சியில் தமிழ்நாடு, பூர்வீகச் சொத்தில் மகளையும் மகனைப் போலவே பங்காளி ஆக்கியது. ஆந்திரத்தில் என்.டி.ராமராவ் நமக்கு முன்பே செய்தார், மறைக்க வேண்டியதில்லை. நம் சட்டம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறை. அதற்கு முன் திருமணம் ஆகிவிட்ட பெண்களுக்கு அதில் பங்கில்லை என்று ஒரு குறை இருந்தது. அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கும் பல வீடுகளில், 'கட்டிக் கொடுத்த பொண்ணுக்குப் பங்கு கெடையாது' என்று அடித்துப் பேசுகிறார்கள். அதெல்லாம் பழங்கதை! 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் திருமணம் ஆனவள், ஆகாதவள் என்று பார்க்கவில்லை. தகப்பன் அன்று உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தையும் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11இல் தீர்த்துவிட்டது: மகளின் உரிமை பிறப்பால் வருவது; தகப்பன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உண்டு. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகப்பிரிவினை ஆகிப்போன சொத்தை மட்டும் கிளற முடியாது.

செங்கற்பட்டில் விதைத்தது அறுபது ஆண்டு கழித்துச் சட்டமாய் விளைந்தது. விளைந்ததை அறுத்துக்கொண்டு போவது யார்? எதிரியா? இல்லை தோழர்களே, நம் வீட்டு அண்ணன்! தகப்பன் மறைந்து பதினாறாம் நாள், தங்கைக்குப் புடவை எடுத்து, வயிறாரச் சோறு போட்டு, ஆட்டோவில் ஏற்றிப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறார். விடுதலைப் பத்திரம்! என்ன அழகான பெயர்! யாருக்கு விடுதலை? எதிலிருந்து விடுதலை? தங்கைக்குத் தன் பங்கிலிருந்து விடுதலை. அண்ணனுக்குத் தங்கையிடமிருந்து விடுதலை. 'சீர் செய்தோமே, நகை போட்டோமே, இனிமேலும் தாய்மாமன் முறை செய்வோமே' என்கிறார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசற்படி அடைபடும் என்று அவளுக்குத் தெரியும். போடுகிறாள். பதிவான பத்திரத்தை மிரட்டி வாங்கியது என்று பிற்பாடு நிரூபிப்பது லேசு அல்ல.

அந்த அண்ணன்களில் சிலர் வேட்டியில் கரை இருக்கிறது. நம் கரைதான்! மேடையில் பெண்ணுரிமைக்குக் கைதட்டிய கை, பத்திரத்தில் தங்கையின் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்துகிறது. இதைவிட அந்தச் சட்டத்தைக் கொண்டு வராமலே இருந்திருக்கலாம் என்று ஓர் அம்மையார் என்னிடம் சொன்னார். அவர் கோபத்தில் சொன்னார்; எனக்கு வெட்கமாய் இருந்தது. தங்கை தானாக, விவரம் தெரிந்து விட்டுக் கொடுத்தால் அது அவள் பெருந்தன்மை. என்ன பத்திரம், எத்தனை பங்கு, என்ன மதிப்பு என்று சொல்லாமல் வாங்கினால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. பத்திரிகையில் எழுதக் கூடாது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படிக்கும் தோழர், உங்கள் வீட்டில் படித்துக் காட்டுங்கள். இந்துப் பெண் ஒருத்தி உயில் எழுதாமல், பிள்ளையும் கணவனும் இல்லாமல் மறைந்தால், அவள் சொந்தமாய்ச் சம்பாதித்த சொத்து யாருக்குப் போகும்? பெற்ற தாய்க்கா? இல்லை. செத்துப்போன கணவனின் வாரிசுகளுக்கு! பெற்றோரிடமிருந்து வந்த சொத்து மட்டும்தான் தகப்பன் வழிக்குத் திரும்பும். 2009இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். திருமணமாகி மூன்று மாதத்துக்குள் கணவன் பாம்பு கடித்து இறந்தான். அந்தப் பெண்ணைப் புகுந்த வீட்டார் விரட்டினார்கள். தாய் தகப்பன் படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போனாள், சம்பாதித்தாள், சேர்த்தாள். 1996இல் உயில் எழுதாமல் மறைந்தாள். அவள் தாய் கேட்டார்; கிடைக்கவில்லை. நாற்பது ஆண்டாய் எட்டிப் பார்க்காத கணவனின் சகோதரி மக்களுக்குப் போயிற்று! அனுதாபம் வேறு, சட்டம் வேறு என்றது நீதிமன்றம். அந்தச் சட்டம் மாறப் போராட வேண்டும். மாறும்வரை என்ன செய்வது? ஒரு தாள், ஒரு கையெழுத்து, இரண்டு சாட்சி. அவள் எழுதியிருந்தால் அத்தனையும் தாய்க்குப் போயிருக்கும்.

மார்க்கெட்டு டீக்கடையில் இதைப் பேச ஆரம்பித்ததும் கேள்விகள் பறந்தன. "முத்திரைத்தாள் எவ்வளவுக்கு வாங்கணும்ணே?" வாங்க வேண்டாம், உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். "ரிஜிஸ்தர் பண்ணாட்டா செல்லாதாமே?" செல்லும். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்யுங்கள் என்பேன். தாள் தொலைந்தாலும் நகல் கிடைக்கும், கிழித்துப் போடுபவன் ஏமாந்து போவான். ஆனால் பதிவு செய்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். தகராறு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். ஆகவே உங்களைவிட வயதில் இளையவராய், ஊரில் தங்குபவராய்ப் பார்த்துச் சாட்சி வையுங்கள். சொத்து வாங்கப் போகிறவனையே சாட்சி ஆக்காதீர்கள். சந்தேகத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது போல் ஆகும். வயதானவர் என்றால் டாக்டரிடம் 'நல்ல நினைவோடு இருக்கிறார்' என்று ஒரு சீட்டு வாங்கி இணையுங்கள்.

"எழுதிட்டா மாத்த முடியாதே?" என்றார் ஒரு பெரியவர். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாய் எழுதியதே உயில். மாற்ற முடியாதது செட்டில்மெண்ட். உயில் உங்களுக்குப் பின். செட்டில்மெண்ட் எழுதிப் பதிந்த அன்றைக்கே சொத்து கைமாறிவிடும். மகன் காப்பாற்றுவான் என்று செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, மறு மாதம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்திருக்கும் தகப்பன்களை நான் பார்த்திருக்கிறேன். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், 'எங்களைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பராமரிக்கத் தவறினால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

"நாமினி போட்டிருக்கேனே, அப்புறம் எதுக்கு உயில்?" வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கும் கை, உரிமைக்காரர் அல்ல. வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். பி.எஃப். இருக்கிற தோழர்கள் இன்றே படிவத்தைப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயர் அப்படியே கிடக்கும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்று யார் யார் வாரிசு என்று சொல்லும். சொத்து யாருக்கு என்று தீர்ப்பளிக்காது. முஸ்லிம் தோழர்களுக்குச் சட்டம் வேறு: மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினாலும், வாரிசுக்கே உயில் எழுதினாலும் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். கிறிஸ்தவத் தோழர் உயில் இல்லாமல் மறைந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு.

பிறகு அந்த 'புரொபேட்' என்ற பூச்சாண்டி. உயில் உண்மையானது என்று நீதிமன்றம் ஆராய்ந்து தரும் சான்று அது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் எழுதிய இந்துக்களின் உயிலுக்கும், அங்கே இருக்கும் வீடு நிலத்துக்கும் அது கட்டாயமாய் இருந்தது. மதுரைக்காரன் மதுரை வீட்டுக்கு எழுதிய உயிலுக்கு அது கட்டாயமாய் இருந்ததே இல்லை. ஆனாலும், 'புரொபேட் வாங்காட்டா ஒண்ணும் நடக்காது' என்று பயமுறுத்திப் பணம் பறித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கட்டாயத்தை விதித்த 213ஆம் பிரிவையே 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. தகராறு வந்தால் மட்டும் உயிலை மெய்ப்பித்தே ஆக வேண்டும். அது எந்த ஊரானாலும் உண்டு.

மேலூர் சாலையில் சிறிது தூரம் போனால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2004 ஜூலையில் திறந்தார்கள். சென்னைக்கு ரயில் ஏறும் செலவு நமக்கு மிச்சமாயிற்று. நல்லது. ஆனால் நம் மார்க்கெட்டிலிருந்து அங்கே போகிற பாதையில் கூட்டம் குறைந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி. சங்கச் செயலாளரிடம் பேசிவிட்டேன். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டிடத்தில் நம் வழக்கறிஞர் தோழர் இருப்பார். பீஸ் கிடையாது. பட்டா நகலோடு வாருங்கள். துணைவியாரோடு வாருங்கள். உடன்பிறந்தாள் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள்.

முதல் உயில் போன வாரமே எழுதியாகிவிட்டது. அந்த அம்மையார்தான் எழுதினார். கொழுந்தனுக்குக் கால் பங்குக்குப் பணம் கொடுத்துத் தீர்க்கப் பேச்சு நடக்கிறது. பூ கட்டித் தீர்ப்பதற்கு எத்தனை ஆண்டாகுமோ. ஆனால் தன் பங்கு தன் இரண்டு பெண்களுக்கும் சமமாய் என்று சொல்லச் சொல்ல வழக்கறிஞர் எழுதினார். எழுதியதை இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னார். பூ நாரால் வெடித்துப் போன பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினார். கைநாட்டும் சட்டப்படி செல்லும் என்று சொன்னேன். "தெரியும்ண்ணே, நீங்கதான் அன்னிக்குச் சொன்னீகளே" என்றார். பூ மார்க்கெட்டுத் தரகர் ஒருவர் முதல் சாட்சியாய்க் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது சாட்சி ஒரு பஸ் கண்டக்டர். திருச்சி வண்டி புறப்பட ஏழு நிமிஷம் இருந்தது. போட்டுவிட்டு ஓடினார்.